நாலு என்று போட்ட கோடு

சேர்வராயன் மலைச்சரிவில் ஓர் அந்துப்பூச்சி இருந்தது. சிறகை விரித்து வைத்தால் ஒரு சம்பா அரிசி அளவுதான் வரும். புழுப் பருவம் முழுவதையும் அது ஒரே இலைக்குள் கழித்துவிடும். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ வெள்ளைப் பேனாவால் இலைமேல் கிறுக்கியதுபோலத் தெரியும். மலையேறுகிறவர்கள் அதைச் செடிக்கு வந்த நோய் என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். பூச்சியியலாளர் அம்சவேணி மட்டும் அந்தக் கிறுக்கலுக்காகத் தன் வயதில் பாதியைச் செலவிட்டிருந்தார்.

சமவெளியிலும் அதே மாதிரி ஒரு பூச்சி உண்டு. ஆவாரஞ்செடியில் வாழ்வது. அதுவும் இதுவும் ஒரே பேரினமா, வேறு வேறா என்பதுதான் கேள்வி. முன்பென்றால் இந்தக் கேள்வி உலகத்தில் பத்துப் பேரோடு நின்றிருக்கும். ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. பூமியில் வேறெங்கும் இல்லாத ஒரு பேரினம் ஒரு மலையில் இருக்கிறதென்று நிரூபித்துவிட்டால், அந்த மலையில் யாரும் கல் உடைக்க முடியாது. சேர்வராயன் சரிவிலோ பெரிய குவாரி ஒன்றுக்கு உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது.

அம்சவேணியின் ஆய்வகத்தில் மென்பொருள் எழுத வந்தவன் ரெமிஜியுஸ். இருவரும் சேர்ந்து ஒரு நிரலை உருவாக்கினார்கள். பூச்சியின் ஒரு காலைக் கிள்ளிப் போட்டால் போதும். மரபணுவைப் படித்து, எது எதற்கு எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடும். எவ்வளவு தூரம் போனால் வேறு பேரினம் என்பதை மட்டும் நாம் ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். அந்த நிரலுக்கு ‘வரம்பு’ என்று பெயர் வைத்தது அம்சவேணிதான்.

எண்ணை மூன்று என்று வைத்தபோது பூச்சிகள் எல்லாம் சிதறி, ஒவ்வொரு புதரும் ஒரு பேரினமாகிவிட்டது. ஐந்து என்று வைத்தபோது மலையும் சமவெளியும் ஒன்றாகக் கலந்துபோயின. நான்கு என்று வைத்ததும் திரையில் இரண்டு கொத்துகள் அழகாகப் பிரிந்து நின்றன. இது மலை, அது சமவெளி.

“சூப்பர் மேடம்! இதான் வேணும்,” என்றான் ரெமி. பிறகு தலையைச் சொறிந்தான். “ஆனா மலைப்பாதை வளைவுகள்ல பிடிச்சோமே, பாதி உயரத்துல, அதுங்களப் போட்டா ரெண்டு கொத்துக்கும் நடுவுல வந்து உக்காந்துக்குது. என்ன பண்றது?”

அம்சவேணி திரையைப் பார்த்தார். ஜன்னல் வழியே மலை தெரிந்தது.

“கலப்பா இருக்கும். விட்டுடு,” என்றார்.

சேர்வரையா என்ற புதிய பேரினம் அப்படித்தான் பிறந்தது. குவாரி நின்றது. குவாரிக்கு இயந்திரம் கொண்டுவந்த லாரிகளை மறித்துச் சாலையில் உட்கார்ந்திருந்த மலையூர்க்காரர்கள் அம்சவேணிக்கு மாலை போட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய வெள்ளையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு பூச்சிய வச்சு மலையக் காப்பாத்திட்டீங்கம்மா” என்று அழுதார். நடுவிலிருந்த பூச்சிகளின் ஞாபகம் அம்சவேணிக்கு அப்போது வந்தது. மாலையின் கனம் கழுத்தை அழுத்தியது. ஆனாலும் அவர் சிரித்துப் படமெடுத்துக்கொண்டார்.

ரெமி பெரிய வேலைக்குப் போனான். கொஞ்ச காலம் கழித்து இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

“மேடம், நம்ம வரம்ப அரசாங்கம் எடுத்துக்கிட்டாங்க. பொய்ச் சாதிச் சான்றிதழ ஒழிக்கறதுக்கு மரபுச் சரிபார்ப்பு வாரியம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க இல்ல, அவங்க.”

“மனுஷங்களுக்கா?”

“மலைச்சாதின்னு சொல்லிக்கிட்டு யார் யாரோ சீட்டு வாங்கறாங்க மேடம். இப்ப ஒரு சொட்டு எச்சில் போதும். மலையிலேயே இருக்கறவங்களோட ஒப்பிட்டுப் பாத்துடும். மனுஷங்களுக்கு ஏத்த மாதிரி எங்க கம்பெனியில அளவுகோல மாத்திட்டோம். கோடு மட்டும் உங்க கோடுதான். நாலு.”

“அது பூச்சிக்குப் போட்டதுடா.”

“விஞ்ஞானம் எல்லாருக்கும் ஒண்ணுதானே மேடம். ஆலோசகர்னு உங்க பேரப் போட்டிருக்கோம்.”

மறுத்திருக்கலாம். அவர் மறுக்கவில்லை. தான் செய்த ஒன்று தன் ஆய்வகத்தை விட்டு வெளியே போய் இவ்வளவு பெரிதாகிறதே என்ற சந்தோஷம் ஒரு மூலையில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை ரெமி பார்த்துவிடக் கூடாதென்று, இனிப்பு அதிகமாக இருக்கிறது என்று குறை சொன்னார்.

ஒரு நாள் காலையில் இரண்டு பெண்கள் ஆய்வக வாசலில் வந்து நின்றார்கள். அம்மாவும் மகளும். அம்மாவின் பெயர் பொன்னாத்தா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் மணி கோக்கிறவள். மகள் வஞ்சிக்கொடி. மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் எடுத்திருந்தாள். அவர்கள் குன்றாளர் என்ற மலைச்சாதி. பாட்டன் காலத்திலேயே மலையிலிருந்து இறங்கி வந்துவிட்ட குடும்பம். அப்பாவுக்குச் சான்றிதழ் இருந்தது. மகளுக்குக் கேட்டபோதுதான் வாரியம் எச்சில் எடுத்துப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டது.

“நாலுக்கு மேல போயிருச்சுன்னு சொன்னாங்க. நாலுன்னா என்னன்னு கேட்டேன். அங்க யாருக்கும் தெரியலைங்க மேடம். மெஷினக் கண்டுபிடிச்சவங்க நீங்கன்னு இணையத்துல இருந்துச்சு. அதான் வந்தோம்,” என்றாள் வஞ்சி.

அம்சவேணி அவர்களை உட்காரவைத்தார். பூச்சிப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஊசி முனையில் குத்தி வைத்திருந்த பொடிப் பொடிச் சிறகுகள். இது மலைப் பூச்சி, இது கீழே இருக்கிறது, இரண்டுக்கும் இவ்வளவு தூரம் என்று பாடம் நடத்துவதுபோல விளக்கினார். பேசப் பேச அவருக்கே தெம்பு வந்தது.

வஞ்சி கண்ணாடி மேல் குனிந்து பார்த்தாள். “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குதுங்க.”

“பாக்க அப்படித்தான் இருக்கும். உள்ள வேற.”

“நடுவுல எதும் இல்லைங்களா?”

அம்சவேணி பெட்டியை மூடினார். “இருந்தாலும் ஒரு இடத்துல கோடு போட்டுத்தானே ஆகணும்?”

“அந்தக் கோட்டப் பூச்சி போட்டுச்சுங்களா, நீங்க போட்டீங்களா மேடம்?”

கேலியாக அவள் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அம்சவேணிக்கு முகம் சுட்டது. எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ பேர் அவரைக் குடைந்திருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

“மேல்முறையீடு இருக்கு இல்ல? அன்னைக்கு நான் வர்றேன். வந்து பேசறேன்,” என்றார்.

பொன்னாத்தா எழுந்து கும்பிட்டாள். “நீங்க வந்தாலே போதுங்கம்மா. எம் பொண்ணு பொய் சொல்றவ இல்லைங்க.”

விசாரணைக்குக் கொஞ்சம் முன்னால் ரெமி தொலைபேசியில் கூப்பிட்டான். எப்படித்தான் விஷயம் அவனுக்குப் போனதோ.

“மேடம், போங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. நாலுங்கறது நாமா வச்சதுன்னு அங்க சொன்னீங்கன்னா, மறுநாளே குவாரிக்காரனோட வக்கீல் அத எடுத்துக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவான். சேர்வரையா போச்சுன்னா மலை போச்சு. ஒரு பொண்ணா, ஒரு மலையா?”

“நீ எதுக்காகச் சொல்ற ரெமி? மலைக்காகவா, கம்பெனிக்காகவா?”

“ரெண்டுக்கும்தான் மேடம்.”

விசாரணை கலெக்டர் அலுவலகத்தின் பழைய கூடத்தில் நடந்தது. வாரியத் தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி, அதட்டிப் பேசாத மனிதர். ஒரு பக்கம் வஞ்சியும் பொன்னாத்தாவும் நின்றார்கள். தலைவர் அம்சவேணிக்கு நாற்காலி போடச் சொன்னார்.

“டாக்டர், எனக்கு விஞ்ஞானம் தெரியாது. நேராக் கேக்கறேன். இந்த நாலுங்கற எல்லை உண்மையிலேயே இருக்கறதா? இல்ல, நாமா வச்சுக்கிட்டதா?”

சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ‘நாங்களா வச்சதுதான் ஐயா.’ இவ்வளவுதான். வாயைத் திறந்ததும் வெள்ளையனின் அழுத முகம் வந்தது. அதற்குப் பின்னாலேயே தன் பெயர் அச்சான ஆய்விதழ்களும், கல்லூரிப் பாடத்தில் வந்துவிட்ட சேர்வரையா என்ற சொல்லும் வந்தன. எது முதலில் வந்தது என்று பிற்பாடு அவர் தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டார்.

“குறிப்பிட்ட பேரினத்தைப் பொறுத்தவரை அந்த எல்லை புள்ளியியல் அடிப்படையில் நிலைத்தன்மை உடையது. வேறு தரவுத்தொகுதிகளுக்குப் பொருத்தும்போது சில வரையறைகள் இருக்கலாம். ஆனாலும் முறைமை என்ற அளவில் நம்பகமானது.”

“நம்பகமானது,” என்று தலைவர் எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடியானது.

வெளியே வேப்பமரத்தடியில் பொன்னாத்தா காத்துக்கொண்டிருந்தாள். அம்சவேணி வேறு வழியாகப் போய்விட முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. பொன்னாத்தா ஓடி வந்து ஒரு பாட்டில் மோரை அவர் கையில் வைத்தாள்.

“குடிங்கம்மா. வெயில்ல இவ்வளவு தூரம் எங்களுக்காக வந்தீங்களே! அந்த ஐயாகிட்ட எவ்வளவு நேரம் பேசுனீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா எங்களுக்காக யாரும் இப்படிப் பேசுனதில்லைங்க. கெடைக்கலைன்னா அது எங்க தலையெழுத்து. நீங்க என்ன பண்ணுவீங்க.”

அம்சவேணி வஞ்சியைப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் தன் அம்மாவின் தோளைத் தொட்டு, “ஆமாம்மா, நல்லாப் பேசுனாங்க. வா, பஸ்ஸு போயிரும்” என்றாள்.

மோரைக் குடிக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. பாட்டிலைப் பிடித்தபடி அவர் வெயிலில் நின்றார். அந்தச் சின்னப் பெண் அம்மாவின் மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய், இவர் கூடத்துக்குள் சொன்ன பொய்யைவிட எவ்வளவோ சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம் பல நாட்கள் அவருக்கு யார் முகத்தையும் நேராகப் பார்க்க வரவில்லை. பால் ஊற்ற வருகிறவளிடம்கூடத் தலையைக் குனிந்தபடியே பாத்திரத்தை நீட்டினார்.

கடைசியில் ஒரு காலையில், ஒதுக்கி வைத்த பூச்சிகளை எடுத்து வெளியே வைத்தார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பிடித்தவை. போதாதென்று மறுபடியும் மலையேறிப் புதிதாகவும் பிடித்து வந்தார். எல்லாவற்றையும் வரம்பில் போட்டார். அடிவாரத்திலிருந்து உச்சிவரை பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பக்கத்துப் பூச்சிக்கும் பக்கத்துப் பூச்சிக்கும் வித்தியாசம் என்று சொல்ல எதுவுமில்லை. கீழே இருப்பதும் மேலே இருப்பதும் மட்டும்தான் வேறு மாதிரி. எந்த வளைவில் கோடு போடுவது? எந்த வளைவிலும் போடலாம். அதனால் எங்குமே போட முடியாது.

அதை அப்படியே எழுதினார். சேர்வரையா என்று ஒரு பேரினம் இல்லை, நான்கு என்ற எண் நானாகத் தேர்ந்தெடுத்தது, ஒத்துவராத பூச்சிகளை நானே விலக்கினேன், இந்த முறையை மனிதர்கள்மேல் பயன்படுத்தவே கூடாது என்று தன் பெயர் போட்டு வெளியிட்டார். வாரியத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

ரெமி சொன்னது பிசகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் குவாரிக்கு உத்தரவு வந்துவிட்டது. முதல் வெடி வெடித்த அன்று வெள்ளையன் ஆய்வகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

“அன்னைக்குச் சொன்னது பொய்யாம்மா?”

“முழுப் பொய்னு இல்லைங்க. தெரிஞ்சத மறைச்சேன்.”

“மறைச்சதோட விட்டிருக்கலாம்.” அவர் குரல் உயரவில்லை. “உங்க பூச்சிய நம்பித்தான் பக்கத்து ஊர்க்காரங்களச் சேக்கறது, கோர்ட்டுக்குப் போறது எல்லாத்தையும் விட்டோம். வேற வழியில போராடியிருப்போம். இப்ப எல்லாரும் சிரிக்கறாங்க, பூச்சிய வச்சு ஏமாத்துனவங்கன்னு. அந்த வெக்கம் உங்களுக்கு மட்டும் இல்லம்மா, எங்களுக்கும்தான்.”

வெள்ளையன் போன பிறகு, அம்சவேணி மாலையோடு எடுத்த அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். கழற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் நின்றது.

வஞ்சிக்கு ஒரு வருடம் போயிற்று. அடுத்த வருடக் கலந்தாய்வுக்கு முன்னால் ரெமி கூப்பிட்டான். குரலில் உற்சாகம்.

“மேடம், நல்ல செய்தி! வாரியம் உங்க கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க.”

அம்சவேணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நிறுத்திட்டாங்களா?”

“எத?”

“எச்சில் எடுக்கறத.”

“அய்யோ, அது எப்படி மேடம்? நாலு தப்புன்னு சொன்னீங்க இல்ல, அத ஒத்துக்கிட்டாங்க. ரொம்பக் கறாரா இருக்குன்னு அஞ்சாக்கிட்டாங்க. தள்ளுபடியான எல்லாத்தையும் மறுபடி பாக்கறாங்க. குடும்பத்துல எல்லாருக்கும் எடுக்கறாங்க. உங்களத் தேடி வந்த அந்தப் பொண்ணுக்குக் கெடைச்சிருச்சு.”

“நாலு தப்புன்னு சொல்லல ரெமி. கோடே இல்லைன்னு சொன்னேன்.”

“படிச்சேன் மேடம்.” அவன் குரல் இறங்கியது. “ஆனா அவங்களுக்கு ஒரு நம்பர் வேணும். இல்லைன்னு எழுதிக் குடுத்தா அத வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?”

அன்று சாயங்காலமே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார். போகவேண்டும் என்று கால் சொன்னது, போகக் கூசியது மனம். சந்துக்குள் சந்தாகப் போய் வீட்டைக் கண்டுபிடித்தார். வெள்ளி மெருகு போடும் வாசனை தெருவெல்லாம் இருந்தது. உள்ளே பாயில் வஞ்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தங்கை செங்கமலம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அரசு வேலைக்கு எழுதியிருந்தவள். ஒரே மாதிரி நெற்றி, ஒரே மாதிரி மூக்கு. தெருவில் பார்த்தால் யார் அக்கா யார் தங்கை என்று தடுமாறுவார்கள். யாரோ வாங்கி வந்த லட்டுப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

“வாங்கம்மா,” என்றாள் பொன்னாத்தா. முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “பெரியவளுக்கு வந்துருச்சுங்க. குன்றாளர்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எல்லாம் உங்களாலதான்.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“காலைல சின்னவளுக்கும் வந்துச்சுங்க.” பொன்னாத்தா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். “அவ இல்லையாம்.”

அம்சவேணி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பனிடமிருந்தும் ஆத்தாளிடமிருந்தும் அக்காவுக்கு ஒன்று போகும், தங்கைக்கு இன்னொன்று போகும், எண்கள் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும், இது யாருக்கும் தெரிந்த விஷயம் என்று அவர் விளக்கத் தொடங்கினார். ஐந்து என்று ஓர் இடத்தில் கோடு போட்டால் ஒருத்தி இந்தப் பக்கமும் ஒருத்தி அந்தப் பக்கமும் விழத்தான் செய்வார்கள் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தினார். அவர் விசாரணைக் கூடத்தில் பேசிய அதே தொனி.

“மேடம்,” என்றாள் செங்கமலம். முதல் தடவையாக வாய் திறந்தாள். “அக்கா வேணாம்னு சொல்றா. சான்றிதழக் கிழிச்சுப் போட்டுடறேன்கறா. நீங்களாவது சொல்லுங்க அவகிட்ட. அவ படிக்கட்டும்.”

வஞ்சி தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். வேப்பமரத்தடியில் அவரைக் குத்திக் காட்டாமல் காப்பாற்றிய பெண். இப்போது தனக்குக் கிடைத்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். தன்னிடமிருந்து கிளம்பிய அந்த வெட்கம், மலையைத் தொட்டு, வெள்ளையனைத் தொட்டு, கடைசியில் இந்தப் பாய்க்கு வந்து உட்கார்ந்திருப்பதை அம்சவேணி பார்த்தார்.

“படிம்மா,” என்றார். “கிழிக்காத. தப்பு உன்னுது இல்ல. என்னுது.”

பொன்னாத்தா அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கட்டுங்களாம்மா? தப்பா நெனச்சுக்காதீங்க.”

“கேளுங்க.”

“பெத்தவங்களுக்கும் எடுக்கறாங்களாமே. இவங்க அப்பா குடுத்துட்டாரு. எனக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.” அவள் இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் எந்தப் பக்கம்னு வர்றதுக்கு முன்னாடியே உங்க மெஷின்ல பாத்துச் சொல்லிடுவீங்களாம்மா? அக்கா பக்கம்னு வந்துச்சுன்னா நான் எச்சில் குடுக்கப் போகலைங்க. சின்னவ தனியா நிப்பா.”